குளிர்ந்த கலங்கல் கடலில் கப்பல் டைவிங்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், பிளிமத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. பெயர் ஜேம்ஸ் ஈகன் லேன். சில வருடங்களாக அதைப் பார்க்கத் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருக்கிறேன். அந்தமானில் டைவிங் கற்றுக்கொண்டு லண்டனுக்கு வேலைக்கு வந்த தம்பிகளும், "பச்சைத் தண்ணியில என்னடா பாக்குற?" என்று போனில் கேட்கும் ஊர்க்காரர்களும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அது என்ன கப்பல்? எப்படி மூழ்கியது?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 'லிபர்ட்டி' என்ற பெயரில் 2,710 சரக்குக் கப்பல்களைக் கட்டித் தள்ளியது. எல்லாம் ஒரே அச்சு. ரிவெட் அடிப்பதற்குப் பதில் பெரும்பாலும் வெல்டிங். ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடிக்கும் வேகத்தைவிடக் கட்டும் வேகம் கூடுதலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. விளம்பரத்துக்காக ஒரு கப்பலை நாலரை நாள் சொச்சத்தில் கட்டிக் காட்டினார்கள்.

அந்த வரிசையில் 1944 கடைசியில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கப்பல் தளத்திலிருந்து வந்ததுதான் ஜேம்ஸ் ஈகன் லேன். நீளம் சுமார் 134 மீட்டர். டார்ப்பிடோ தாக்கிய ஒரு எண்ணெய்க் கப்பலில் உயிரை விட்ட இன்ஜினியரின் பெயரை இதற்கு வைத்தார்கள். 1945 மார்ச்சில் வேல்ஸில் உள்ள பாரி துறைமுகத்திலிருந்து பெல்ஜியத்தின் கென்ட் நகரத்துக்குக் கிளம்பியது. உள்ளே அமெரிக்க ராணுவப் பொறியாளர்களுக்கான 4,500 டன் சாமான், மேல்தளத்தில் மோட்டார் படகுகளும் மரமும். மார்ச் 21 அன்று யூ-1195 என்ற நீர்மூழ்கி விட்ட டார்ப்பிடோ பின்பக்கச் சரக்கறைகள் இருக்கும் இடத்தில் வெடித்தது. இழுவைப் படகுகள் கப்பலைக் கட்டி இழுத்து, கார்ன்வால் கரையோரம் விட்சண்ட் விரிகுடாவில் தரைதட்ட வைக்கப் பார்த்தன. அங்கேயே உட்கார்ந்துவிட்டது. கப்பலில் இருந்த ஒருவர்கூடச் சாகவில்லை. அடித்த நீர்மூழ்கிக்குத்தான் கதி சரியில்லை. 17 நாள் கழித்து, ஏப்ரல் 7 அன்று, பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று அதை மூழ்கடித்தது. அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள்.

முழுகிய பிறகும் பல வருடம் இதன் தளத்துக் கம்பங்கள் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. டைவர்கள் இடம் தேடி அலைய வேண்டிய தேவையே இருந்ததில்லை.

அந்தமானில் ஓபன் வாட்டர் சான்றிதழ் வாங்கிவிட்டேன். நேராக இங்கே இறங்கலாமா?

வேண்டாம். காரணம் ஆழம் மட்டும் இல்லை. பேடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் முதல்கட்டமான ஓபன் வாட்டர் சான்றிதழுக்கு 18 மீட்டர் எல்லை; லேன் கிடக்கும் தரை சுமார் 25 மீட்டர். சரி, அடுத்த கட்டமான அட்வான்ஸ்டு முடித்தால் தாளில் 30 மீட்டர் வரை அனுமதி கிடைத்துவிடும். ஆனால் அந்தமானின் ஹேவ்லாக் தீவில் 28 டிகிரித் தண்ணீரில், 20 மீட்டர் தள்ளி நிற்கும் வழிகாட்டியைப் பார்த்துக்கொண்டே போய்ப் பழகியவருக்கு இங்கே வழிகாட்டியே கிடையாது. படகுக்காரர் கப்பலுக்கு மேலே கயிறு போட்டு, "போய் வாருங்கள்" என்பார். அதற்குப் பிறகு நீங்களும் கூட இறங்கும் உங்கள் டைவிங் ஜோடியும்தான்.

முதலில் ஏதாவது ஒரு குவாரியிலோ ஏரியிலோ டிரை சூட் (தண்ணீர் புகாத முழு உடுப்பு) போட்டுப் பழகுங்கள். உள்ளூர் கிளப் ஒன்றில் சேர்வது இன்னும் நல்லது. பிஎஸ்ஏசி என்ற பிரிட்டிஷ் டைவிங் அமைப்பின் கிளைகள் ஊருக்கு ஊர் உண்டு. வாரநாளில் நீச்சல்குளம், சனிக்கிழமை குவாரி, முடிந்ததும் டீ. சேர்ந்து பத்து முறை இறங்கிய ஆளோடு கடலுக்குப் போவதும் படகில் அன்றைக்குத்தான் கைகுலுக்கிய ஆளோடு போவதும் ஒன்றல்ல.

எவ்வளவு குளிரும்?

பிப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் 8, 9 டிகிரி. ஆகஸ்ட் கடைசியில் 16, 17 வரும். "17 டிகிரியா, கொடைக்கானல் மாதிரிதானே" என்று ஒருவர் கேட்டார். கொடைக்கானலில் உங்களைச் சுற்றி இருப்பது காற்று. உடம்புச் சூட்டைத் தண்ணீர் உறிஞ்சும் வேகம் காற்றைப்போல 25 மடங்கு.

அதனால்தான் டிரை சூட். கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டை இறுகப் பிடிக்கும், தண்ணீர் உள்ளே வராது. உள்ளே கம்பளி மாதிரி ஒரு முழு உடுப்பு. ஆழம் போகப்போக உள்ளே இருக்கும் காற்று சுருங்கி உடம்பை நெரிக்கும். சிலிண்டரிலிருந்து வரும் குழாய் வழியாகக் கொஞ்சம் காற்று விட்டுக்கொள்ள வேண்டும். மேலே வரும்போது அதே காற்று விரியும்; தோள் பக்கத்து வால்வு வழியாக வெளியேற்ற வேண்டும். தலைகீழாகப் போய்விட்டால் காற்றெல்லாம் காலில் ஏறிக்கொள்ளும், வால்வு கீழே மாட்டிக்கொள்ளும், நீங்கள் பலூன் மாதிரி மேலே கிளம்புவீர்கள். இதைத்தான் குவாரியில் பழகச் சொன்னேன்.

என் சொந்தக் கதை ஒன்று. இரண்டாவது வருடம், ஏப்ரல் மாதம். முதுகுப்பக்க ஜிப்பைக் கடைசி இரண்டு அங்குலம் இழுக்காமலே விட்டுவிட்டேன். சரிபார்க்கச் சொல்லி ஜோடியிடம் முதுகைக் காட்டவும் இல்லை. "எல்லாம் போட்டாச்சு" என்று ஜம்பமாகக் குதித்தேன். தண்ணீர் முதுகெலும்பு வழியாக இறங்கிய அந்த நொடி இன்னும் நினைவிருக்கிறது. எட்டே நிமிடத்தில் டைவ் முடிந்தது. மீதி நேரமெல்லாம் படகில் போர்வைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், யாரையும் திட்டவும் வழியில்லை.

தலைக்குத் தடித்த ஹூட், கைக்குத் தடித்த கையுறை. விரல் மரத்துப்போனால் கொக்கி மாட்டுவது, சுருள் கயிறு சுற்றுவது எல்லாம் குழந்தை சட்டைப் பொத்தான் போடுவது மாதிரி ஆகிவிடும். சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரும் குளிர்நீருக்கானதாக இருக்கட்டும். அழுத்தத்தில் இருக்கும் காற்று விரியும்போது தானே குளிரும். 10 டிகிரிக்குக் கீழான தண்ணீரில் அந்தக் குளிர் ரெகுலேட்டருக்குள் பனிக்கட்டியாக உறைந்து, வால்வு மூடாமல் காற்று கொட்டிக்கொண்டே இருக்கும். சிலிண்டர் சில நிமிடத்தில் காலி.

தண்ணீர் ஏன் இவ்வளவு கலங்கல்? எவ்வளவு தூரம் தெரியும்?

நல்ல நாளில் 8, 10 மீட்டர். சுமாரான நாளில் 4. மோசமான நாளில் நீட்டிய கையின் விரல்கள் தெரியும், அதைத் தாண்டி ஒரு பச்சைச் சுவர். வசந்தத்தில் வெயில் கூடியதும் மிதவைப் பாசி பெருகி, ஏப்ரல், மே மாதம் தண்ணீர் பட்டாணி சூப் மாதிரி ஆகிவிடும். தென்மேற்குக் காற்று இரண்டு நாள் அடித்தால் விட்சண்ட் விரிகுடா முழுக்க மணல் கிளம்பும். அந்தத் திசைக்கு அது வாயைத் திறந்து வைத்திருக்கிறது.

இப்படிக் கலங்கினால் பெரிய டார்ச் வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. பனிமூட்டத்தில் காரின் ஹை பீம் போட்டால் என்ன ஆகும்? அதேதான். குறுகிய கற்றை உள்ள டார்ச்தான் இங்கே உதவும். அதைத் தரையில் வட்டமாகக் காட்டினால் ஜோடிக்கு "நலம்" என்று அர்த்தம்; வேகவேகமாகக் குறுக்கே ஆட்டினால் "இங்கே பார், பிரச்சினை". தண்ணீர் தெளிவாக இருக்கும் ஊரில் கைசாடை போதும். இங்கே கையே தெரியாது.

படகுக்காரர் ஏன் காலை ஆறு மணிக்கு வா, மதியம் இரண்டு மணிக்கு வா என்று ஒவ்வொரு வாரமும் நேரத்தை மாற்றுகிறார்?

கடல் அவரிடம் அப்படிச் சொல்கிறது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையில் ஆறு மணி நேரம் சொச்சம். தண்ணீர் திசை மாறும் முன் சிறிது நேரம் ஓய்ந்து நிற்கும். அந்த ஓய்வில் இறங்குவதுதான் சுகம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய ஓரிரு நாளில் ஏற்ற இறக்கம் பெரிது. பிளிமத்தில் அப்போது நீர்மட்டம் நாலரை மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும், ஓட்டமும் பலமாக இருக்கும். அஷ்டமி வாக்கில் சாதுவாக இருக்கும். எங்கள் கிளப்பில் நான் மட்டும்தான் தமிழ் நாள்காட்டியைப் பார்த்து லீவு போடுகிறவன். அலுவலகத்தில் ஏதோ விரதம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால், ஆங்கிலக் கால்வாயின் மற்ற இடங்களோடு பார்த்தால் விட்சண்ட் விரிகுடாவில் ஓட்டம் அப்படி ஒன்றும் முரட்டுத்தனமில்லை. ஆனாலும் டிரை சூட்டோடும் அத்தனை இரும்போடும் எதிர்நீச்சல் போட்டுப் பாருங்கள், காற்று எங்கே போனது என்றே தெரியாது.

கீழே என்னதான் தெரியும்?

பிளிமத்திலிருந்து படகு ரேம் ஹெட் முனையைச் சுற்றி வரும். கயிற்றைப் பிடித்து இறங்குவீர்கள். முதல் ஐந்தாறு மீட்டர் வெறும் பச்சை. பிறகு கீழே ஏதோ கருப்பாகத் திரளும். மேகம் மாதிரி இருப்பது சட்டென்று விளிம்பு பெற்று, இரும்பாகி, கப்பலின் முன்பகுதியாகிவிடும். நம்மூர்க் கடற்காரர்கள் அணியம் என்பார்களே, அதுதான். லேனின் அணியம் இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. அதன் மேல் விளிம்புக்கும் தரைக்கும் நடுவே நாலைந்து மாடி உயரம். மொத்தக் கப்பலையும் ஒருசேரப் பார்க்கவே முடியாது. டார்ச் வெளிச்சம் விழும் அளவுக்குத்தான் கப்பல். மீதியை மனதில் கட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு டைவிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறேன். முதல் மூன்று முறையும் வலது இடது தெரியாமல் ஒரே சரக்கறையைச் சுற்றி வந்துவிட்டு, கப்பல் முழுக்கப் பார்த்ததாகப் பெருமையடித்துக்கொண்டேன்.

அணியத்திலிருந்து பின்னால் போனால் சரக்கறைகள். தளங்கள் இடிந்து, மேலே திறந்து கிடக்கின்றன. விலா எலும்பு மாதிரி இரும்புச் சட்டங்கள் வரிசையாக நிற்கும், அவற்றுக்கு நடுவே பச்சை வெளிச்சம் இறங்கும். சரக்கில் பெரும்பகுதியைப் போருக்குப் பிறகு எடுத்துவிட்டார்கள். மிச்சம் கிடப்பது துருவேறிக் கட்டிதட்டிப்போன சாமான்கள். டார்ப்பிடோ அடித்த இடத்துக்கு அப்பால் ஒழுங்கெல்லாம் குலைந்துவிடும். தகடு மேல் தகடாகக் குவிந்து கிடக்கும். பின்பகுதி, அதாவது அமரம், தனியாகப் பிய்ந்து சற்றுத் தள்ளிக் கிடக்கிறது. கலங்கலான நாளில் அதைத் தேடிப் போகாதீர்கள். நடுவில் வெறும் மணல்; திரும்பும் வழி தவறிவிடும்.

இரும்பின் மேல் உயிர் என்னவோ கொள்ளை. வெள்ளையும் ஆரஞ்சுமாகக் கடல் அனிமோன்கள், இறந்தவர் விரல்கள் என்று இங்கே பெயர் வைத்திருக்கும் மென்பவளம் (பேருக்குப் பொருத்தமாகத்தான் வெளுத்து நிற்கும்), பவுட்டிங் மீன் கூட்டம், ஓட்டைக்குள்ளிருந்து முகம் நீட்டும் காங்கர் விலாங்கு. நீல நிறச் சிங்கி இறால், நம்மூரில் இல்லாத பெரிய இடுக்கியோடு. இளஞ்சிவப்புக் கடல் விசிறி தென்பட்டால் தொடாதீர்கள். சட்டப் பாதுகாப்பு உள்ள உயிர், வளர்வதும் மெதுவாகத்தான்.

அண்ணா, சுறா வருமா?

வராது தம்பி. வந்தால் எனக்கும் சொல்.

கப்பலுக்குள் நுழையலாமா?

லேனில் மேலே திறந்த சரக்கறைகளுக்குள் போவதை நுழைவது என்று சொல்ல மாட்டேன். தலைக்கு மேலே தண்ணீர் தெரியும். கூரை உள்ள இடம் வேறு விஷயம்.

சில நூறு மீட்டர் தள்ளி எச்எம்எஸ் சில்லா என்ற போர்க்கப்பல் இருக்கிறது. அதை 2004 மார்ச் 27 அன்று வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள், செயற்கைப் பாறைத்திட்டாக. டைவர்கள் போய்வர வசதியாகப் பக்கவாட்டில் பெரிய ஓட்டைகளும் வெட்டி வைத்தார்கள். ஆரம்பத்தில் உள்ளே போய் வருவது சுலபமாக இருந்தது. அந்த நினைப்பே பிறகு ஆபத்தாகிவிட்டது. வருடக்கணக்கில் உள்ளே சேறு படிந்தது, தகடுகள் சரிந்தன. 2007இல் இரண்டு பேர், 2021இல் இன்னும் இரண்டு பேர் அங்கே இறந்தார்கள். உள்ளே போகவேண்டாம் என்றுதான் இப்போது அறிவுரை.

சேறு என்ன செய்யும் என்று தெரியாதவர்களுக்கு: மூடிய அறையில் காலில் மாட்டிய துடுப்பை ஒரு முறை அசைத்தாலே போதும். படிந்திருக்கும் தூசு எழுந்து, பத்து நொடியில் எதுவும் தெரியாது. டார்ச்சைக் கண்ணாடியில் ஒட்டி வைத்தாலும் பழுப்புதான். வந்த வாசல் இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும். நீங்கள் எதிர்த்திசையில் தடவிக்கொண்டிருப்பீர்கள். வழிக்கயிறு கட்டி, காற்றைப் போக, வர, அவசரத்துக்கு என்று மூன்றாகப் பங்கிட்டு, தனிப் பயிற்சி எடுத்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை. எனக்கு வெளிப்புறமே இன்னும் பார்த்து முடியவில்லை.

எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம்?

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். 25 மீட்டரில் அழுத்தம் மூன்றரை மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் அங்கே 70 லிட்டர் இழுப்பார். இங்கே வழக்கமான 12 லிட்டர் இரும்புச் சிலிண்டரை 232 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் சுமார் 2,780 லிட்டர்.

இதில் எவ்வளவை ஒதுக்கி வைப்பது? ஜோடியின் காற்று கீழேயே நின்றுபோய் இருவரும் உங்கள் சிலிண்டரில் மேலே வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர். கீழே நிதானிக்க ஒரு நிமிடம்: 210. ஏற இரண்டரை நிமிடம்: சுமார் 340. ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வர 270. மொத்தம் 820 லிட்டர், அதாவது 70 பார். சிலிண்டரின் அழுத்தமானி 70 பார் காட்டும்போது கப்பலில் என்ன அதிசயம் இருந்தாலும் கிளம்ப வேண்டும். இப்படி ஒதுக்கியது போக மிச்சமிருக்கும் காற்றுக்கு 27 நிமிடம். குளிரில் நடுங்கி 25 லிட்டராக இழுத்தால் 22.

"50 பாரோடு மேலே வந்தால் போதும்" என்று கற்றுக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டு கீழேயே 50 ஆகும் வரை சுற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வயிறு கலங்கும்.

காற்றைத் தவிர, உடம்பில் கரையும் நைட்ரஜன் கணக்கும் உண்டு. பேடி அட்டவணைப்படி சாதாரணக் காற்றில் 25 மீட்டரில் 29 நிமிடம்தான் இருக்கலாம்; அதைத் தாண்டினால் ஏறும்போது நடுவில் கட்டாயம் நின்று நின்று வர வேண்டும். ஆக்சிஜன் 32 சதவீதம் உள்ள நைட்ராக்ஸ் எடுத்தால் அது சுமார் 45 ஆகும். ஆனால் காற்று தீர்ந்துபோனால் நைட்ராக்ஸ் வைத்து என்ன செய்வது? 15 லிட்டர் சிலிண்டர் வாங்குங்கள். முதுகு கொஞ்சம் வலிக்கும்.

இறங்கி வந்த கயிற்றைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால்?

பல நாள் அப்படித்தான். அதற்காகவே ஒவ்வொருவரிடமும் சுருட்டிய ஒரு நீளப் பை இருக்கும், ஆரஞ்சு நிறத்தில், கயிற்றுச் சுருளோடு. கீழிருந்தே காற்றடைத்து விட்டால் மேலே போய் நிற்கும். படகுக்காரர் பார்த்துப் பின்தொடர்வார். நீங்கள் அந்தக் கயிற்றைச் சுற்றிக்கொண்டே நிதானமாக ஏறலாம். கயிறு சிக்கிக்கொண்டால் சுருளை விட்டுவிடுங்கள். காசு போனால் போகிறது என்று கையைத் திறக்கும் பழக்கம் நம் ஆட்களுக்குக் கஷ்டம்தான். எனக்கு ஒரு முறை சிக்கியது; மூன்று மீட்டர் மேலே இழுத்துப் போன பிறகுதான் விட்டேன்.

ஞாபகார்த்தமாக ஒரு போல்ட் எடுத்து வரலாமா?

எடுத்தால் 28 நாளுக்குள் ரிசீவர் ஆஃப் ரெக் என்ற அரசு அதிகாரியிடம் சொல்லியாக வேண்டும். 1995 வணிகக் கப்பல் சட்டம் அது. கப்பல் மூழ்கி எத்தனை வருடம் ஆனாலும் அதற்கு உரிமையாளர் யாரோ ஒருவர் உண்டு. ராணுவக் கல்லறையாகக் காக்கப்படும் கப்பல்களுக்கு 1986இல் இன்னும் கடுமையான தனிச் சட்டம் வந்தது. அந்தத் துருப்பிடித்த போல்ட் உங்கள் வீட்டு அலமாரியில் ஆறு மாதத்தில் பொடியாக உதிரும். விட்டுவிட்டு வாருங்கள்.

ஏதாவது ஆகிவிட்டால்?

படகுக்காரர் 16ஆம் சேனலில் கடலோரக் காவல்படையைக் கூப்பிடுவார். அழுத்தச் சிகிச்சை அறை உள்ள டிடிஆர்சி என்ற நிலையம் பிளிமத்திலேயே இருக்கிறது. டைவ் முடிந்த மாலையில் மூட்டு வலி, தோலில் வரிவரியாகச் சிவப்பு, கைகால் மரத்துப்போதல் வந்தால் "தூங்கி எழுந்தால் சரியாகும்" என்று படுத்துவிடாதீர்கள். போன் செய்து கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை டைவ், அன்று இரவே சென்னைக்கு விமானம். பரவாயில்லையா?

பரவாயில்லை இல்லை. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைவு. உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் அங்கே குமிழியாகக் கிளம்பலாம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் போனால் 18 மணி நேரம் தரையில் இருக்க வேண்டும் என்பது பொது வழிகாட்டுதல். நான் முழு ஒரு நாள் விடுவேன். போன வருடம் அத்தை மகள் கல்யாணத்துக்காக டிக்கெட்டை ஞாயிறு இரவுக்குப் போட்டுவிட்டு, அந்த வாரம்தான் கடல் கண்ணாடி மாதிரி தெளிந்திருக்கிறது என்று படகிலிருந்து செய்தி வந்தது. டிக்கெட்டை மாற்றவில்லை. டைவை விட்டேன். கல்யாணத்தில் வாழை இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது கிளப் குழுவில் படங்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தன: அணியம் முழுசாக, மேலிருந்து தரை வரை, ஒரே படத்தில்.